பக்கத்து இருக்கை

தீவுக்கு வண்டிகளை ஏற்றி வந்த படகு தன் சாய்வுப் பலகையை மணலில் இறக்கியதும் ஜாரட் செய்த முதல் காரியம், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அதைப் படம் எடுத்ததுதான். பின்னால் ஏழு வண்டிகள் இறங்க வழியில்லாமல் படகிலேயே நின்றன.

"ஏய் சாம்பியன்! கல்யாண ஆல்பத்த அப்புறம் எடுத்துக்கய்யா. வழிய விடு!" என்று எவனோ கத்தினான்.

முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த கெரின் சிரித்துக்கொண்டாள். சாம்பியன். நல்ல பெயர். இந்த ஐந்து நாளைக்கும் ஆகும் என்று அதை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜாரட் அவள் தங்கையின் கணவன். பிரிஸ்பேனில் வீடு விற்றுக் கொடுப்பவன். வண்டியின் கூரையில் மடிப்புக் கூடாரம், அதற்கு மேல் விளக்கு வரிசை, முன்னால் புதைந்தால் இழுக்கக் கம்பிவடம் சுற்றிய விஞ்ச், பின்னால் இரண்டு மாற்று டயர், என்ஜின் தண்ணீரிலும் மூச்சு வாங்குவதற்காகக் கூரைவரை ஏறிய கறுப்புக் குழாய். இத்தனையையும் மாட்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அவன் மூன்று மாதமாக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். கெரின் உள்நாட்டுச் சுரங்கம் ஒன்றில் இருநூறு டன் கல் ஏற்றும் லாரியை ஓட்டுகிறவள். பத்தொன்பது வருஷமாக. ஜாரடைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உதட்டோரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

"டயர்ல காத்த எவ்வளவு எறக்கியிருக்க?"

"முப்பது."

"மண்ணுல ஓட்டணும்னா பதினெட்டுக்கு எறக்கணும்."

"ரொம்ப எறக்குனா டயர் சப்பையா தெரியுங்க. போட்டோல நல்லா இருக்காது."

கெரின் இறங்கினாள். ஒவ்வொரு டயராகக் குனிந்து காற்றைப் பிடுங்கினாள். அது சீறிக்கொண்டு வெளியேறியபோது அவனுடைய காற்றையே பிடுங்குவதுபோல அவளுக்குச் சுகமாக இருந்தது.

பின்னிருக்கையில் ப்ரைடி இரண்டு தலையணைக்கு நடுவே கால் நீட்டிப் படுத்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். அதனால்தான் முன்னிருக்கை கெரினுக்கு வந்தது.

"அக்கா, அஞ்சே நாள். அவர திட்டாம இருந்துடு."

"நான் எங்க திட்டுனேன்? பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"அந்தப் பார்வையத்தான் சொல்றேன்."

காலை ஒன்பது மணிக்குக் கடல் முழுதாக இறங்கியிருந்தது. ஈர மணல் தார்ச்சாலைபோல இறுகிக் கிடக்க, வண்டி சத்தமே இல்லாமல் வடக்கே ஓடியது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் தாழை மண்டிய மணல் மேடு. அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மரவீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கரும்பாறை முனைக்கு அப்பால் இருந்தது. கடல் ஏறினால் அந்த முனையைச் சுற்ற முடியாது. பதினோரு மணிக்குள் தாண்டியிருக்கலாம். ஆனால் ஜாரடுக்கு அலையில் சக்கரம் தெறிப்பது மாதிரி ஒரு படம் வேண்டியிருந்தது. பிறகு பறவைகளோடு ஒன்று. பிறகு ஓடை முகத்தில் நிறுத்திக் கறி பஃப் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் வண்டியைத் துடைத்தான்.

மணி ஒன்றரை. ஈர மணல் பட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. மூன்றேகாலுக்குக் கடல் உச்சத்தில் ஏறும்.

ஜாரட் கடலைப் பார்த்தான்.

"தண்ணி ஏறிடுச்சுங்க. அஞ்சரைக்கு மேலதான் எறங்கும். அதுவரைக்கும் இங்க மேட்டுலயே நிழல்ல இருந்துடலாம்னு பாக்கறேன்."

அவன் சொன்னது சரி. சரி என்று கெரினுக்கும் தெரியும். அவள் ஓட்டியிருந்தால் அதையேதான் செய்திருப்பாள். ஆனால் அந்த வாயிலிருந்து அது வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணேகால் லட்சம் டாலர் கொட்டுனது தாழம்புதர்ல நிறுத்தி வேடிக்க பாக்கறதுக்கா, சாம்பியன்? கிழவிங்க ஓட்ட வேன்ல இத தாண்டிப் போறாங்க. பயமா இருந்தா சொல்லு, நான் ஓட்றேன்."

ஜாரடின் காது மடல் சிவந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

"எதுக்குக்கா?" என்றாள் ப்ரைடி பின்னாலிருந்து, களைப்போடு.

ஆறேழு கிலோமீட்டர் போனதும் உப்புப் புகை சூழ்ந்துகொண்டது. அலை உடைந்து காற்றில் பறக்கும் பொடித்தூறல். வெயில் மறையவில்லை, எங்கும் ஒரே வெளிச்சமாக, ஆனால் எதுவும் தெரியாமல் ஆனது. கடல் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்பது கலங்கிப்போனது. அழுகிய கடல்பாசி நாற்றம். அதனடியில் மெலிதாகப் பழைய பெட்ரோல் வாசனை.

அப்போதுதான் முன்னால் சக்கரத் தடம் தெரிந்தது.

ஒரே ஒரு வண்டியின் தடம். இரண்டு கோடு, நேராக வடக்கே.

"யாரோ போயிருக்காங்க!" ஜாரடுக்கு மூச்சு வந்தது.

டாஷ்போர்டில் இருந்த ரேடியோ கரகரத்தது. கரையில் ஓடுகிற எல்லா வண்டிகளும் பேசிக்கொள்கிற அலைவரிசை அது.

"கீழ வா, சாம்பியன்." ஓர் ஆணின் குரல். சோம்பலான, சிரிப்பு ஒட்டிய குரல். "மேல பொதபொதன்னு இருக்கும். ஈர மண்ணுதான் கெட்டி. என் தடத்துலயே வா."

ஜாரட் ரேடியோவின் மைக்கை எடுத்தான். "ரொம்ப நன்றிங்க. எங்க இருக்கீங்க? உங்க வண்டி தெரியலையே?"

"பக்கத்துலதான்."

ஜாரட் தடத்தைப் பிடித்துக் கீழே இறங்கினான். அலையின் நுரை டயரை நக்கியது. அவன் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தான்.

"என்ன, கால் நடுங்குதா? பக்கத்துல பொம்பள இருந்தா ஸ்டியரிங்க அவகிட்ட குடுத்துட்டு நீ போய் ஐஸ்கிரீம் சாப்புடு."

கெரின் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எவனாக இருந்தாலும் ஆள் சரியான ஆள் என்று தோன்றியது. ஜாரட் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

ஒரு பெரிய அலை வந்தது. வண்டிக்கு முன்னால் ஐம்பது அடி மணலை முழுக்க மூடி, வழித்துக்கொண்டு திரும்பியது. மணல் கண்ணாடிபோலப் பளபளத்தது.

அதன் மேல் தடம் இருந்தது.

விளிம்பு மடங்காத, புதுத் தடம். அவர்களுடைய டயரில் பாதி அகலம்கூட இல்லாத, பழங்கால வண்டிகளின் ஒல்லி டயர்.

கெரினின் சிரிப்பு வாயிலேயே உலர்ந்தது. அலை திரும்பிய பிறகு பதிந்த தடம். அவர்கள் கண்ணெதிரே பதிந்த தடம். பதித்த வண்டி இல்லை.

"ஜாரட், மேல ஏத்து. மேட்டுக்குப் போ."

"இப்பதான் நல்லா போகுதுங்க."

"சொல்றேன்ல, மேல ஏத்து!"

"கேக்காத," என்றது ரேடியோ. "இப்ப ஏத்துனா பயந்துட்டான்னுதான் சொல்லுவா."

ஜாரடின் கை ஸ்டியரிங்கில் அசையவில்லை.

தடம் மெல்ல வலப்பக்கம் வளைந்தது. கடலுக்குள் போனது. முழங்கால் ஆழத் தண்ணீரின் அடியிலும் அந்த இரண்டு கோடு கலையாமல் தெரிந்தது. அப்போதுதான் ஜாரட் பிரேக்கை மிதித்தான். மிதிக்கக்கூடாத இடம். நின்ற மறுகணமே நான்கு சக்கரமும் மாவில் வைத்த மாதிரி இறங்கின. அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அச்சுவரை புதைந்து வயிறு தட்டி நின்றது.

ரேடியோவில் யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள்.

கெரின் மண்வெட்டியோடு குதித்தாள். ப்ரைடியை இறக்கி உலர்ந்த மணலில் நிற்க வைத்தாள். மேடு அறுபது அடி தள்ளி இருந்தது. போனில் சிக்னல் இல்லை. மேட்டின் உச்சியில் டிங்கோ என்னும் காட்டு நாய் ஒன்று நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்காக வண்டிகளைச் சுற்றி வரும் அந்த நாய்கள் எப்போதும் நெருங்கித்தான் வரும். இது நெருங்கவில்லை. வாலைக் கால்களுக்கிடையே சொருகிக்கொண்டு புதருக்குள் மறைந்தது.

முன் சக்கரத்தருகே கெரின் மண்ணை வாரினாள். வாரிய குழியை அலை நிரப்பியது. மறுபடி வாரினாள். நான்காவது வெட்டில் மண்வெட்டி எதிலோ மோதியது.

டங்.

இரும்பு.

கையால் மணலை வழித்தாள். துரு தின்ற தகடு. வளைந்த விளிம்பு. மழைநீர் வடியும் பள்ளக் கோடு. அது ஒரு வண்டியின் கூரை. அவர்கள் வண்டி இன்னொரு வண்டியின் தலைமேல் நின்றுகொண்டிருந்தது.

"இது என்னங்க?" என்றான் பக்கத்தில் வந்து குனிந்த ஜாரட். குரல் குழந்தையின் குரலாகியிருந்தது.

டக். டக். டக்.

அடியிலிருந்து தட்டினார்கள்.

அவசரத் தட்டல் இல்லை. காப்பாற்றச் சொல்லித் தட்டுகிறவனின் தட்டல் இல்லை. பார் மேசையில் விரலால் தாளம் போடுகிறவனின் தட்டல்.

அதன் பிறகு மணலுக்கடியில் கிரீச் என்று ஒரு சத்தம். விட்டு விட்டு. கிரீச். கிரீச். பழைய வண்டிகளில் கைப்பிடியைச் சுற்றி ஜன்னல் கண்ணாடியை இறக்குகிற சத்தம் அது என்று கெரினுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

அடுத்த நொடியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ப்ரைடியின் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். காலை வைத்தால் முழங்கால்வரை சரியும் மணல். பாதி தூக்கி, பாதி இழுத்து, தாழை வேர்வரை கொண்டுவந்து உட்கார வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

ஜாரட் பின்னால் வரவில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தான். கதவுப் படியில் தண்ணீர் அலைந்தது. என்ஜின் உறுமியது.

"அக்கா, அவர்!" என்றாள் ப்ரைடி.

கெரின் இறங்கினாள். தொடைவரை தண்ணீர். ஒவ்வோர் அலையும் அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. வண்டியின் கண்ணாடிகள் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தன. கடல்பாசி நாற்றம் மூக்கை அடைத்தது. இடப்பக்கம், மேட்டைப் பார்த்த பக்கம், அவள் உட்கார்ந்து வந்த இருக்கை.

அதில் ஆள் இருந்தது.

முதுகைக் காட்டிக்கொண்டு, ஜாரடின் பக்கம் சாய்ந்து, அவன் காதருகே வாயை வைத்திருந்தது. கழுத்து வெளிறி ஊதியிருந்தது. அந்தக் கழுத்தில் மணல் ஒட்டியிருக்கவில்லை. மணலே தோலாக இருந்தது. ஜாரட் நேரே பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆமாம். ஆமாம். ஆமாம்.

மேலே ஒரு விரற்கடை திறந்திருந்த கண்ணாடி வழியாகப் பேச்சு கேட்டது.

"ஒண்ணேகால் லட்சம் டாலர் கொட்டுனது எறங்கி ஓடுறதுக்கா, சாம்பியன்? இன்னொரு மிதி. ஓடிப் போனா சாகறவரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும். உன் புள்ளகிட்டயும் சொல்லுவா."

ஆண் குரல் இல்லை இப்போது.

அது கெரினின் குரல்.

அந்த இழுப்பு, குரலிலேயே தெரிந்த அந்த உதட்டுக் கோணல், எல்லாமே அவளுடையது. வெளியிலிருந்து கேட்க அது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். ஜாரடின் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடியில் அறைந்தாள்.

"அறிவு கெட்டவனே, எறங்குடா! வண்டி கெடக்கு, எறங்கு!"

ஜாரட் திரும்பவே இல்லை. பக்கத்து இருக்கையில் அந்தத் தோள்கள் மட்டும் குலுங்கின. அது சிரித்தது.

வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி இன்னும் ஓர் அடி இறங்கியது. ஜன்னல் விளிம்பில் நுரை. கெரினின் இடுப்புக்கு மேல் தண்ணீர். திட்டுவதற்கு அவள் வாயில் இன்னும் பத்து வார்த்தை இருந்தது. அத்தனையும் அந்த இருக்கையில் இருப்பதற்குத் தீனி என்று அவளுக்குத் திடீரென உறைத்தது. விழுங்கினாள். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள்.

"ஜாரட். எனக்குப் பயமா இருக்குப்பா."

அவன் தலையாட்டல் நின்றது.

"நீ அங்க ஓடைகிட்ட சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் உன்ன நக்கல் பண்ணுனேன். நான்தான் உன்ன இங்க இழுத்துட்டு வந்தேன். எனக்குப் பயமா இருக்கு. என்னால தனியா ப்ரைடிய கூட்டிட்டுப் போக முடியாது. வெளிய வா."

ஜாரட் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். தூக்கத்திலிருந்து எழுந்தவனின் கண்.

அவனுக்குப் பின்னால் அதுவும் திரும்பத் தொடங்கியது.

கெரின் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. ஜாரடின் இரண்டு கண்ணையும் விட்டு நகராமல் நின்றாள். பூட்டு டப்பென்று விலகியது. கதவைத் தண்ணீர் அழுத்தியது. இருவரும் சேர்ந்து இழுத்தும் தள்ளியும் ஓர் ஆள் நுழையும் இடம் கிடைத்தது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அவர்கள் பத்து அடி போவதற்குள் வண்டி இறங்கியது. சாயவில்லை, மிதக்கவில்லை. கீழே யாரோ தாங்கிக்கொண்டிருந்த தரையை எடுத்துவிட்டதுபோல நேராக இறங்கியது. ஜன்னல், கூடாரம், விளக்கு வரிசை. கடைசியாக அந்தக் கறுப்புக் குழாய். முழுதும் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் மணலுக்கடியில் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

மாலை ஆறு மணிக்குக் கடல் இறங்கியபின் மாரீன் வந்தாள். தீவில் புதைந்த வண்டிகளை இழுப்பவள் அவள் ஒருத்திதான். அறுபது வயது, வெறுங்கால், உதட்டில் அணைந்த சிகரெட். மரவீட்டுக்காரர்கள் ஆள் வரவில்லையே என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"எங்க உங்க பொம்ம வண்டி?" என்றாள். "மூழ்கடிச்சுட்டீங்களா? வருஷத்துக்கு நாலு பேர் இப்படிக் கொண்டாந்து கடலுக்கு மொய் வச்சுட்டுப் போறீங்க."

கெரின் இடத்தைக் காட்டினாள். மாரீன் லாரியிலிருந்து நீளமான இரும்புக் கம்பியை எடுத்து வந்து மணலில் இறக்கினாள். முழுதும் இறங்கியது. நாலடி தள்ளி இறக்கினாள். அங்கும். முப்பது இடத்தில் குத்திப் பார்த்தாள். எங்கும் வெறும் மணல்.

"அடியில இன்னொரு வண்டி இருந்துச்சு," என்றாள் கெரின். "ரேடியோல ஒருத்தன் பேசுனான். எங்கள கீழ வரச் சொன்னான்."

மாரீன் கம்பியைத் துடைப்பதை நிறுத்தினாள். நக்கலெல்லாம் முகத்திலிருந்து வடிந்தது.

"சிரிச்சுக்கிட்டே பேசுனானா?"

ப்ரைடி ஜாரடின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தாங்க. ஏறுற தண்ணியில முனைய சுத்தப் போறேன்னு பந்தயம். தம்பிக்கு இஷ்டமில்ல. ஓட்டுனது அவன்தான். அண்ணன்காரன் ஜன்னல எறக்கிட்டு, கரையில நின்னவங்களுக்குக் கையாட்டிக்கிட்டே, தம்பிய கேலி பண்ணிக்கிட்டே போனானாம். மறுநாள் தம்பி கரை ஒதுங்குனான். வண்டி கெடைக்கல. பக்கத்து சீட்ல இருந்தவனும் கெடைக்கல."

பிறகு கெரினை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீ எங்க உக்காந்து வந்த?"

"முன்னாடி."

மாரீன் லாரியின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க. மூணு பேரும் பின்னாடியே உக்காருங்க."

ப்ரைடிக்கு நாள் தவறாமல் பெண் குழந்தை பிறந்தது. ஜாரட் சின்ன கார் ஒன்று வாங்கினான். கெரின் அதைப் பார்த்து நக்கலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள், அதையும் சிரிக்காமல் சொன்னாள். ப்ரைடிக்கே ஆச்சரியம்.

சுரங்கத்துக்குத் திரும்பி நாலு மாதம் ஆகியிருந்தது. கடல் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர். பத்து மாதமாக மழை இல்லை. காலை எட்டு மணி வெயிலில் செம்மண் புழுதி பறக்க, கெரின் லாரியில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி லாரியைப் பின்னால் எடுத்துக் கல் ஏற்றும் இடத்தில் நிறுத்தத் திணறிக்கொண்டிருந்தாள். ஒரு முறை கோணலாக வந்தாள். இன்னொரு முறை. மூன்றாவது முறையும் கோணல்.

கெரினுக்கு உதட்டோரம் தானாகக் கோணியது. நாக்கின் நுனிக்கு ஒரு வார்த்தை வந்தது. நல்ல வார்த்தை, கூர்மையான வார்த்தை. வாயைத் திறந்தாள்.

பக்கத்தில் 'க்ளிக்' என்றது.

பயிற்சிக்கு வருபவர்கள் உட்காரும் இருக்கை அது. அன்று யாருக்கும் பயிற்சி இல்லை. அந்த இருக்கையின் சீட் பெல்ட் மாட்டியிருந்தது. இருக்கையோடு ஒட்டிக் கிடக்காமல், ஒரு மார்பின் அளவு முன்னால் விலகி நின்றது. ஈரமாக இருந்தது. அதன் கீழ்நுனியிலிருந்து ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர், தரையில் படிந்த செம்புழுதியில் விழுந்து கருத்தது.

கெரின் வாயை மூடினாள்.

பெல்ட் மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

மறுபடி உயர்ந்தது.